கடல் சூடானால் பிளாங்டனுக்கு என்ன ஆகும்?

கேள்வி: "பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். வெப்பநிலை கூடினால் உயிரிகளின் வளர்சிதை மாற்றம் வேகமாகும் என்று பாடத்தில் வருகிறது. அப்படியானால் கடல் சூடாகச் சூடாகப் பிளாங்டன் வேகமாகப் பெருகும், அதைத் தின்னும் மீனும் பெருகும் என்கிறாள் ஒரு மாணவி. இது சரியா? நீரின் வெப்பம் பிளாங்டனை உண்மையில் என்ன செய்கிறது?"

உங்கள் மாணவி கணக்கில் ஒரு பக்கத்தைச் சரியாகவே போட்டிருக்கிறாள். அது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் எழுதிவிட்டால் விடை மாறிவிடும். நீர் சூடாகும்போது பிளாங்டனின் உடலுக்குள் எல்லா வேலையும் வேகமாகிறது. ஆனால் உணவைத் தயாரிக்கும் வேலை கூடுவதைவிட, உணவை எரிக்கும் வேலை அதிகமாகக் கூடுகிறது. இந்த வித்தியாசம் மீன் வரை, கடற்பறவை வரை, காற்றிலுள்ள கரியமில வாயு வரை போகிறது. வகுப்பில் எடுத்துச் சொல்ல விவரம் வேண்டும் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பிளாங்டன் என்னும் மிதவை உயிரிகளில் பெரிய பிரிவுகள் இரண்டு. வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே செய்துகொள்பவை தாவர மிதவைகள். கண்ணாடிக் கூடு கட்டி வாழும் டயட்டம் முதல், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத புரோகுளோரோகாக்கஸ் வரை இதில் வரும். அவற்றை மேய்பவை விலங்கு மிதவைகள்: ஒரு செல் உயிரிகள், கோப்பிபோட் எனப்படும் துடுப்புக்காலிகள், மீன் குஞ்சுகள், இன்னும் பல. இரண்டுக்கும் பொதுவான ஒன்று, சொந்தமாக உடல் சூடு கிடையாது. வெளியே 20 டிகிரியோ 40 டிகிரியோ, நம் உடம்புக்குள் 37 தான். அவற்றுக்கோ சுற்றியுள்ள நீரின் சூடுதான் உடம்பின் சூடு. நீர் ஒரு டிகிரி ஏறினால் அவையும் ஒரு டிகிரி ஏறும்.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க இட்லி மாவைவிட நல்ல உதாரணம் இல்லை. மார்கழியில் ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே சப்பென்று கிடக்கும். சித்திரையில் அதே மாவு விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழிந்துவிடும். மாவும் நுண்ணுயிரிகளும் அதேதான், மாறியது சூடு மட்டும். நொதிகள் மூலக்கூறுகளைப் பிடித்து மாற்றும் வேகம் வெப்பத்தோடு கூடுகிறது. வேதிவினைகளில் இதை முதலில் கணக்காகச் சொன்னவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வான்ட் ஹாஃப், அரீனியஸ் இருவரும். உயிரியலில் 10 டிகிரி கூடினால் வேகம் எத்தனை மடங்காகிறது என்ற எண்ணைக் கியூ-10 என்கிறோம். பெரும்பாலான உயிர்வினைகளுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும்.

கடலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தவர்களில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் எப்லியைச் சொல்லாமல் நகர முடியாது. ஆய்வகங்களில் வளர்த்த பல தாவர மிதவை இனங்களின் வளர்ச்சி வேகத்தை எல்லாம் ஒரே வரைபடத்தில் போட்டு, 1972-இல் அவற்றின் உச்சியைத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு கோட்டை வரைந்தார். இன்னின்ன வெப்பநிலையில் இதற்கு மேல் வேகமாக எந்தப் பாசியும் (தாவர மிதவையை இனி இப்படியும் சொல்கிறேன்) பெருகாது என்பதற்கான கூரை அது. அந்தக் கோட்டின்படி 0 டிகிரியில் ஒரு நாளைக்கு 0.85 முறை செல் இரட்டிக்கலாம். 10 டிகிரியில் 1.6 முறை, 20 டிகிரியில் மூன்று முறை. 10 டிகிரிக்கு 1.88 மடங்கு. கடல் சார்ந்த கணினி மாதிரிகள் பலவற்றில் இந்தக் கோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாணவி சொல்வது இந்தக் கோட்டைத்தான்.

ஆனால் இது கூரை என்பதைக் கவனியுங்கள். வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரும்பும் வேண்டிய அளவு இருந்தால் எட்டக்கூடிய உயரம் இது. நிஜக் கடலில் அந்த வசதி அடிக்கடி வாய்ப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் செலவைப் பார்ப்போம்.

ஒளிச்சேர்க்கையின் முதல் கட்டத்தில் ஒளியைப் பிடித்து எலக்ட்ரானை நகர்த்துகிறது செல். இந்த வேலையைச் சூடு அவ்வளவாக வேகப்படுத்தாது. எவ்வளவு வெளிச்சம் விழுகிறதோ அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதிக்கோ இன்னொரு பலவீனம்: சூடு கூடக் கூட அது தவறுதலாக ஆக்சிஜனைப் பிடிப்பது அதிகமாகும். அதனால் வரவு மெதுவாகத்தான் ஏறுகிறது. சுவாசத்துக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. சூடு கூடினால் அது பாட்டுக்கு ஏறும். உயிரிகளின் ஆற்றல் கணக்கைப் போடுபவர்கள் ஒளிச்சேர்க்கைக்கு 0.32 எலக்ட்ரான் வோல்ட், சுவாசத்துக்கு 0.65 எலக்ட்ரான் வோல்ட் என்று கிளர்வு ஆற்றலை (இந்த எண் பெரிதாக இருந்தால், சூடு கூடும்போது வேகமும் அதிகமாகக் கூடும்) எடுத்துக்கொள்வது வழக்கம். இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டால் இதை 10 டிகிரிக்கு மாற்றித் தருவார்: 10-இலிருந்து 20 டிகிரிக்குப் போனால் ஒளிச்சேர்க்கை சுமார் 1.6 மடங்கு, சுவாசம் சுமார் 2.5 மடங்கு. வெறும் 3 டிகிரி கூடினால் வரவில் 15 சதவீதம், செலவில் 30 சதவீதம். இனத்துக்கு இனம் எண்கள் மாறும். ஆனால் செலவு முந்துவது திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நார்வேயில் கார்டர், கிரான் என்ற இருவர் 1927-இல் வெளியிட்ட முறை, இன்றும் பள்ளிப் பாடத்தில் உள்ள வெள்ளைப் புட்டி, கறுப்புப் புட்டி முறை. கடல்நீரை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பிடிக்க வேண்டும். ஒன்றில் வெளிச்சம் போகும், மற்றொன்று கறுப்பாக மூடியிருக்கும். ஒரு நாள் கழித்து இரண்டிலும் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கறுப்புப் புட்டியில் குறைந்தது சுவாசச் செலவு. வெள்ளைப் புட்டியில் கூடியதோ குறைந்ததோ கைக்கு நின்ற மிச்சம்.

ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் 1888-இல் தந்த முறையை நான் மாணவப் பருவத்தில் நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். புட்டிக்குள் மாங்கனீசு உப்பும் காரமான அயோடைடும் விட்டவுடன் வண்டல் போலப் பழுப்பு நிறம் சுருண்டு இறங்கும். அமிலம் விட்டால் அது கரைந்து தேன் நிறமாகும். ஸ்டார்ச் இரண்டு சொட்டு, கரு நீலம். அப்புறம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் வெளிறி வெளிறி, ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று தண்ணீர் போலத் தெளிந்துவிடும். அந்த ஒரு சொட்டில்தான் கணக்கே இருக்கிறது. ஒரே நீரைப் பிடித்து, ஒரு ஜோடிப் புட்டியைப் பனிக்கட்டித் தொட்டியிலும் இன்னொன்றை வெதுவெதுப்பான தொட்டியிலும் வைத்து, மறுநாள் கறுப்புப் புட்டிகளைச் சொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சூடான கறுப்புப் புட்டியில் நீலம் சீக்கிரம் போய்விடும். ஆக்சிஜன் அங்கே குறைவாக மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, தாவர மிதவையே தன் வரவில் இவ்வளவை எரிக்கிறது என்றால், அதை மேய்கிற உயிரியின் நிலை என்ன? அதற்கு வரவே மேய்ச்சல்தான். குளிர்க்கடலில் இது ஒரு விசித்திரத்தை உண்டாக்குகிறது. துருவத்தை ஒட்டிய கடல்களில் வசந்தம் வந்ததும் டயட்டங்கள் மளமளவென்று பெருகிக் கடலே நிறம் மாறிவிடும். அவற்றை ஏன் யாரும் தின்று தீர்ப்பதில்லை? ஜூலி ரோஸ், டேவிட் கேரன் இருவரும் பல ஆய்வுகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். மேயும் ஒரு செல் உயிரிகளின் வளர்ச்சி வேகம் குளிரில் பாசிகளைவிட அதிகமாகச் சரிகிறது. வெதுவெதுப்பான நீரில் பாசிக்குச் சமமாகவோ வேகமாகவோ பெருகும் அந்த உயிரி, பூஜ்ஜியத்தை ஒட்டிய நீரில் பின்தங்கிவிடுகிறது. பாசி முந்திக்கொள்கிறது. குளிர்தான் பாசிக்குக் கிடைத்த அவகாசம். நீர் சூடானால் அந்த அவகாசம் சுருங்கும்.

குளிரில் வாழும் செல் சும்மா வாழ்ந்துவிடுவதில்லை, அதற்கு உள்ளே நிறைய ஏற்பாடு வேண்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டியாகிவிடும், பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். நிறைவுற்ற கொழுப்புக்கும் நிறைவுறாத கொழுப்புக்கும் உள்ள வித்தியாசம் அது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அது தேங்காய் எண்ணெய் போல உறைந்தால் செல் செத்தது. அதனால் குளிர்நீர் மிதவைகள் நிறைவுறாத கொழுப்பை அதிகம் சேர்த்துச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கின்றன. நாம் மாத்திரையாக வாங்கும் மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்புகளுக்கு மூலம் பெரும்பாலும் இந்தப் பாசிகளே. மீன் அதைத் தின்று சேர்த்து வைக்கிறது. நீர் சூடாகும்போது பாசிக்கு அந்த இளக்கம் தேவைப்படாது, அந்தக் கொழுப்பும் குறையும். தின்பவர்களுக்கு அது நஷ்டம்.

இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. புரதம் செய்யும் ரைபோசோம் ஒவ்வொன்றும் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதை ஈடுகட்ட, குளிரில் வாழும் பாசி அதிக ரைபோசோம்களை வைத்துக்கொள்கிறது, கை விறைத்துப்போன ஆட்களை வைத்து நாற்று நட வேண்டுமென்றால் கூடுதல் ஆள் விடுவது போல. ரைபோசோமில் பாஸ்பரஸ் அதிகம். நீர் சூடானால் குறைந்த ரைபோசோமே போதும், பாஸ்பரஸ் தேவை குறையும், செல்லில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் மாறும். 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. ஆக, வெப்பம் பாசியின் எண்ணிக்கையை மட்டுமல்லாமல் அது எதனால் ஆனது என்பதையும் மாற்றுகிறது.

இப்போது ஒரு துடுப்புக்காலியை அருகில் வைத்துப் பார்ப்போம். கலானஸ் பின்மார்கிகஸ் என்று பெயர், வட அட்லாண்டிக்கில் வாழ்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், ஒரு சின்ன அரிசிக் குருணை அளவு. நுண்ணோக்கியில் உடம்பு கண்ணாடி போல இருக்கும். உடலை விட நீளமான இரண்டு உணர்கொம்புகள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். நடுவில் முதுகோரமாக நீண்டு பளபளக்கும் ஒரு பை. அது முழுக்க மெழுகுக் கொழுப்பு. நன்றாகத் தின்ற உயிரியில் அந்தப் பை உடலில் பாதியை அடைத்திருக்கும். கோடையில் மேல்மட்டத்தில் பாசியைத் தின்று அதை நிரப்பிக்கொண்டு, 500 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே வரை இறங்கி, அசையாமல், தின்னாமல், ஆறு மாதமும் அதற்கு மேலும் கிடக்கும். அடுத்த வசந்தத்தில் மேலே வந்து, மிச்சமிருக்கும் கொழுப்பை வைத்து வளர்ந்து முட்டையிடும்.

ஏன் அவ்வளவு ஆழம்? மேலே இருந்தால் மீன் கண்ணில் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே குளிர். நார்வேக் கடலின் ஆழத்தில் நீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கும். அந்தக் குளிரில் உடலின் செலவு மிகக் குறைவு, கொண்டுபோன கொழுப்பு மாதக்கணக்கில் வரும். ஆழத்து நீர் இரண்டு டிகிரி ஏறினால் அந்த உயிரி எதுவும் செய்யாமலேயே அதன் பை சீக்கிரம் காலியாகிவிடும். பாசி முளைப்பதற்கு முன்பே எழுந்து மேலே வந்தால் சாப்பாடு இருக்காது. சூட்டினால் வரும் கெடுதல் என்றால் உயிரி வெந்து சாவது போல நாம் நினைக்கிறோம். இங்கே அது சேமிப்பு கரைவதாக நடக்கிறது.

இதே உயிரிக்குப் பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் என்ன ஆனது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1931-இல் தொடங்கிய ஒரு தொடர் ஆய்வில், சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்து, பட்டுத்துணிச் சுருளில் பிளாங்டனைப் பிடித்து எண்ணி வருகிறார்கள். அலிஸ்டர் ஹார்டி ஆரம்பித்தது. நீர் சூடானதோடு குளிர்நீர்க் கலானஸ் வடக்கே ஒதுங்க, தெற்கிலிருந்து அதன் உறவான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முன்னது வசந்தத்தில் பெருகும், பின்னது இலையுதிர் காலத்தில். வசந்தத்தில் பொரிக்கும் காட் மீன் குஞ்சு வாயைத் திறக்கும்போது அதற்கு ஏற்ற இரை இல்லை.

உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடியான பதில் பசிபிக்கின் வடகிழக்கில் இருக்கிறது. 2013 கடைசியில் அலாஸ்கா வளைகுடாவில் வழக்கத்தைவிடச் சூடான நீர் ஒரு பெரிய திட்டாகத் தேங்கியது. அந்தக் குளிர்காலத்தில் காற்று பலமாக வீசவில்லை. வழக்கம்போல மேல்நீர் கலங்கிக் குளிரவும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் காலநிலை அறிஞர் நிக் பாண்ட் அதற்கு 'பிளாப்' என்று பெயர் வைத்தார், அதாவது கொழகொழவென்ற திட்டு. பல இடங்களில் 2.5, 3 டிகிரி கூடுதல். 2014 செப்டம்பரில் அது ஓரிகன் கரையைத் தொட்டபோது, நியூபோர்ட் ஊருக்கு அப்பால் கடலின் மேல்மட்டம் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 6 டிகிரி ஏறியது. 2016 வரை அதன் பாதிப்பு நீடித்தது.

நியூபோர்ட்டில் நடந்தது நமக்கு அதிர்ஷ்டவசமாகத் தெரியும். பில் பீட்டர்சன் என்ற ஆய்வாளரின் குழு 1996 முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே படகில் போய் வலை போட்டுத் துடுப்புக்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் சலிக்காமல் ஒரே இடத்தில் வலை போடுகிற இந்த வேலைக்குப் பெரிய பெயரும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. ஆனால் இது இல்லாவிட்டால் பிளாப் என்ன செய்தது என்று சொல்ல ஆளில்லை. அந்தக் கரையில் வழக்கமான கோடை மிதவைகள் வடக்கிலிருந்து வரும் குளிர்நீர் இனங்கள். குண்டானவை, கொழுப்பு நிறைந்தவை. பிளாப்போடு வந்தவை தெற்கிலிருந்தும் ஆழ்கடல் பக்கத்திலிருந்தும் வந்த சூடுநீர் இனங்கள். சின்னவை, ஒல்லியானவை. இன வகை கூடியது. வலையில் விழுந்ததைப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஆனால் ஒரு வாய்க்குக் கிடைக்கும் கொழுப்பு குறைந்துவிட்டது. இந்த மாற்றத்தில் நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்ததும் உண்டு, எல்லாம் அங்கேயே நடந்த வளர்சிதை மாற்றம் என்று சொல்லக் கூடாது. இருந்தாலும் சூடுநீர் மிதவை சின்னதாகவும் ஒல்லியாகவும் இருப்பதற்கே காரணம் மேலே சொன்ன வரவு செலவுதான். சூட்டில் சீக்கிரம் முதிர்ந்து, சின்ன உடம்போடு முட்டையிட்டு முடித்துவிடும். சேர்த்து வைக்க அங்கே நீண்ட பஞ்ச காலமும் இல்லை.

இப்போது அடுத்த படி. அந்த ஒல்லி மிதவைகளைத் தின்னும் சின்ன மீன்களும் சொந்தச் சூடு இல்லாதவை. அவற்றின் செலவும் கூடியது, சாப்பாடோ சத்துக் குறைந்தது. அவற்றைத் தின்னும் காட், பொல்லாக், ஹாலிபட் போன்ற பெரிய மீன்களும் அப்படியே. 3 டிகிரி கூடுதலில் அவற்றுக்கும் பசி அதிகம். அதே சின்ன மீனை நம்பி வாழ்ந்தது கடலில் மூழ்கி மீன் பிடிக்கும் மர் என்ற பறவை. ஒரு பக்கம் இரை குறைந்தது, மறுபக்கம் பங்காளிகளின் பசி கூடியது. 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம் வரை கலிபோர்னியா தொடங்கி அலாஸ்கா வரை கரை ஒதுங்கிய மர்களை மட்டும் எண்ணியபோது சுமார் 62,000. பிறகு கூடு கட்டும் இடங்களில் எண்ணிப் பார்த்து, 2024-இல் வந்த ஆய்வு அலாஸ்காவில் மட்டும் 40 லட்சம் செத்திருக்கும் என்றது. அங்கிருந்த மர்களில் ஏறக்குறைய பாதி. அலாஸ்கா வளைகுடாவின் காட் மீன் சரிந்து, 2020-இல் அரசே அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. அந்த நீரில் எந்த உயிரியின் வளர்சிதை மாற்றமும் மந்தமாகவில்லை. எல்லாம் வேகமாகத்தான் ஓடியது, அதுதான் பிரச்சினை.

நம் பக்கத்துக் கடல் போன்ற வெப்பக் கடல்களுக்கு வருவோம். ஓர் உயிரியின் வளர்ச்சி வேகத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் மலை போல வரும், ஆனால் இரு பக்கமும் சமமாக இராது. ஏறும் பக்கம் மெதுவான சரிவு, இறங்கும் பக்கம் செங்குத்து. உச்சிக்கு மேல் நொதிகளும் சவ்வுகளும் நிலைகுலையத் தொடங்கும், சில டிகிரியிலேயே வளர்ச்சி நின்றுவிடும். 2012-இல் உலகெங்கிலுமிருந்து எடுத்த தாவர மிதவை வகைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, வெப்பமண்டல இனங்கள் ஏற்கெனவே அந்த உச்சியை ஒட்டியே வாழ்கின்றன என்று காட்டியது. குளிர்க்கடல் பாசிக்கு 3 டிகிரி ஏறினால் சரிவில் மேலே போகும். சித்திரை, வைகாசியில் 30 டிகிரியைத் தாண்டும் நீரில் வாழும் பாசிக்கு அதே 3 டிகிரி பள்ளத்தின் விளிம்பாக இருக்கலாம். அதோடு, ஊட்டச்சத்துக் குறைந்த நீரில் அந்த உச்சியே குளிர்ப் பக்கமாக நகர்ந்துவிடும். பசியோடு இருக்கும் பாசிக்குச் சூடு தாங்காது.

ஊட்டச்சத்து ஏன் குறைகிறது என்றால், அதற்கும் சூடே காரணம். சூடான நீர் லேசானது, மேலே மிதக்கும். கீழே உள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரோடு அது சுலபத்தில் கலக்காது. மேலே வெளிச்சம் உண்டு, உரம் இல்லை. கீழே உரம் உண்டு, வெளிச்சம் இல்லை. எப்லியின் கூரையை எட்டாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆக்சிஜனையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 0 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 11.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரி நீரில் 6.2 தான். செலவு கூடும் இடத்தில் கையிருப்பு ஏறக்குறைய பாதி. 2019-இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற ஒரு செல் மிதவை பெருகிக் கடல் பச்சையானதை உங்கள் மாணவர்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். பூங்கோரை என்று மீனவர்கள் சொல்வது. அது அழுகியும் சுவாசித்தும் நீரின் ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறக்க, மீன்களும் பவளப் பாறைகளும் செத்தன. அந்தப் பெருக்கத்துக்குச் சூடு மட்டும் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது, நீரில் சேர்ந்த சத்துகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெருகிய பிறகு இவ்வளவு சீக்கிரம் மூச்சு முட்டுவதற்கு, வெப்பக் கடலின் மெலிந்த கையிருப்பு ஒரு காரணம்.

கரியமில வாயுவின் கதையும் இதே கணக்குதான். கடலின் தாவர மிதவைகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உணவாக மாற்றுகின்றன, நிலத்துத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து செய்வதற்கு ஏறக்குறைய சமம். அதில் ஒரு சிறு பங்கு செத்த உடலாகவும் கழிவாகவும் ஆழத்துக்கு இறங்குகிறது. இறங்கும் வழியில் பாக்டீரியாக்கள் அதைத் தின்னும். சூடான நீரில் அவை வேகமாகத் தின்னும், அதனால் கார்பன் ஆழம் போய்ச் சேர்வதற்குள் மேலேயே வாயுவாகத் திரும்பிவிடும். சூடான நீரின் பிசுபிசுப்புக் குறைவு என்பதால் துகள்கள் கொஞ்சம் வேகமாக விழும் என்பது எதிர்ப்பக்க வாதம். 0 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் நீரின் பிசுபிசுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டில் பாக்டீரியாவின் பசிதான் பெரியது என்பது என் எண்ணம்.

மாணவர்கள் சோர்ந்துவிடாமல் ஒன்றைச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பாசிகள் நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பவை, சில மாதங்களில் நூறு தலைமுறை போய்விடும். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியைச் சூடான நீரில் அப்படி வளர்த்துப் பார்த்தபோது, பின்வந்த தலைமுறைகள் தங்கள் சுவாசச் செலவைக் குறைத்துக்கொண்டு அந்தச் சூட்டிலும் நன்றாக வளர்ந்தன. செலவை இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டன என்றே சொல்லலாம். ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே காணும் குளிர்க்கடல் கலானஸுக்கு அந்த வேகம் இல்லை.

கடைசியாக, வகுப்பில் செய்து காட்ட ஒரு சோதனை. கடலுக்குப் போக வேண்டாம். மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் மொய்னா அல்லது டாப்னியா என்ற நீர்த்தெள்ளு கிடைக்கும், ஊர்க் குளத்து ஓரத்திலும் இருக்கும். நன்னீர் உயிரிதான், ஆனால் அதுவும் விலங்கு மிதவையே. ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு நீரோடு வைத்து, நீந்தி ஓடாமல் இருக்க இரண்டு இழை பஞ்சைப் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பது தெளிவாகத் தெரியும். துடிப்பு எண்ண முடியாத வேகம் என்பதால், ஒருவர் பார்த்துக்கொண்டே துடிப்புக்கு ஒரு புள்ளியாகக் காகிதத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும், பத்து வினாடி கழித்து நிறுத்திப் புள்ளிகளை எண்ணலாம். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தும் எண்ணலாம். 15 டிகிரி, 20, 25, 30 என்று நீரை மாற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் பழகவிட்டு எண்ணச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், செத்துவிடும். முடிந்ததும் எடுத்த இடத்து நீரிலேயே விட்டுவிடலாம். வரைபடம் வரைந்த பிறகு உங்கள் மாணவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 30 டிகிரியில் இந்த நீர்த்தெள்ளுக்கு 20 டிகிரியில் கொடுத்த அதே அளவு பாசியைக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்?